வாத்தியாரைச் சிரிக்க வைத்தேன்

கார்த்திகை 9, செவ்வாய்.

சிலம்ப வாத்தியாருக்கு நேற்றுக் குடலிறக்க அறுவை. கம்பம் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். போன வருடம் பயிற்சியில் எனக்குத் தொடையிடுக்கு புடைத்து வலித்தபோது, "சாருக்குக் கவட்டியில திராட்சை காய்ச்சிருக்குடோய்!" என்று எல்லோர் முன்னும் சொல்லி, இன்னும் தாழ உட்கார வைத்தவர். அது எனக்கும் அறுவையில்தான் முடிந்தது. தையலோடு சிரிப்பது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும்.

"என்ன வாத்தியாரே, ஒங்க தோட்டத்துலயும் அறுவடையாமே?" என்றேன்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர். "ஐயோ, சிரிக்க வைக்காதீக சார்!"

விடவில்லை; அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். இது பாவமோ?

கிளம்பும்போது அவர் மனைவி, "நேத்துலயிருந்து உம்முனு கெடந்தாக. நீங்க வந்துதான் சிரிச்சாக. நாளைக்கும் வாங்க சார்" என்றார்.

எனக்கு வேடிக்கையாகப் பேச வராது. விடிவதற்குள் ஒன்று யோசித்துவிடுவேன்.