மத்தங்காய்ப் பெட்டி

பாறசாலை
28-5-1996

அன்பு மகள் சோனாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் அப்பாவும் பசுவும் அதன் கன்றும் சுகமாக இருக்கிறோம், மஸ்கட்டில் அனல் அடிக்கிற இந்த மாதத்தில் நீ தலை நோகாமல் டியூட்டிக்குப் போய்வர வேண்டுமென்று காலையும் மாலையும் உன் பேரைச் சொல்லி முழங்கால் போடுகிறேன். நீ அனுப்பிய டிராப்ட் கிடைத்தது, செலவு விவரம் தனித்தாளில் வைத்திருக்கிறேன், அதைப் பிறகு பார், இதை முதலில் வாசி.

கிறிஸ்மஸுக்கு நீ எழுதினது ஞாபகம் இருக்குமே, அப்பா சர்க்கரை வியாதியோடு தேனீ தேடி மரம் மரமாக ஏறுகிறார், விழுந்தால் யார் தூக்குவது, அந்தக் காலித் தேன்பெட்டிகளை உடைத்து அடுப்பில் வைத்துவிடுங்கள் என்று. நோய் வந்து நம் தேனீயெல்லாம் செத்துத் தரையில் கிடந்த வருஷத்திலிருந்து அவை முற்றத்தில் காலியாகத்தான் நிற்கின்றன. எறும்பு ஏறாமலிருக்க அப்பா தினமும் பெட்டிக் கால்களுக்கு அடியில் இருக்கும் சிரட்டைகளில் தண்ணீர் ஊற்றுவார், ரப்பர் வெட்ட வரும் ரெத்தினதாஸ் அதைப் பார்த்து, 'வீடு வாடகைக்குன்னு ஒரு போர்டு எழுதி வையுங்க அண்ணே, ஆளு தெரியாம தாண்டிப் போவுது' என்பான். அப்பா சிரிக்கமாட்டார். சபையிலும் அந்த வருஷத்துக்குப் பின் அவர் பாட வாய் திறந்ததில்லை, பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி நிற்பார், அவ்வளவுதான். உன் கடிதத்தை வாசித்துவிட்டு, 'மகளுக்குக் குடுக்குற வார்த்தையாக்கும், இனி மரம் ஏறமாட்டேன், வைகாசியில இடவப்பாதி மழை வரைக்கும் பாப்பேன், அதுக்குள்ள நான் வச்ச பெட்டியில ஈ வரல்லெண்ணா நானே உடைப்பேன்' என்றார். சொன்னால் சொன்னதுதான், உனக்குத் தெரியும்.

அதனால் இந்தக் கோடை முழுக்க எங்களுக்கு ஊர் சுற்றல். பக்கத்து வீட்டு விலாசினியும் சேர்ந்துகொள்வாள், கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு பனச்சமூடு பஸ்ஸில் ஏறி மலையடிவாரம் வரை போவோம், நாங்கள் இருவரும் நன்னாரி வேரும் குறுந்தோட்டியும் பிடுங்குவோம், அப்பா இஞ்சிப்புல் அறுப்பார், எலுமிச்சை மணம் வருமே அதுதான், அதைக் கசக்கிப் பெட்டியின் உள்பக்கம் தேய்த்துவைத்தால் கூடில்லாமல் அலைகிற ஈக்குத் தன் வீட்டு வாசம் போலத் தோன்றுமாம். ஒருநாள் அங்கே ஓர் அயினி மரத்தின் உயரப் பொந்தில் ஈ போவதும் வருவதுமாக இருந்தது. இவர் வேட்டியை மடித்துக் கட்டி ஏறிவிடுவாரோ என்று நான் பக்கத்தில் போய் நின்றேன். அப்பா ஏறவில்லை மக்கா. காய்ச்சல்காரன் நெஞ்சில் வைப்பதுபோல மரத்தில் கையை வைத்தார், பிறகு காதை வைத்தார், என்னையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். அந்த முரட்டுப் பட்டைக்குள்ளே ஒரு சபை முழுவதும் வாய்க்குள்ளே ஜெபிக்கிறது போல ஓர் இரைச்சல், என் கன்னத்துக்கு அது நடுக்கமாகவே வந்தது. இத்தனை வருஷம் ஈ வளர்க்கிறவர் வீட்டில் இருந்தும் நான் அப்படிக் கேட்டதில்லை.

வரும் வழியில் சந்தையில் பனையோலை வாங்குவோம், பெண்கள் ஐக்கிய சங்க விற்பனைக்குப் பெட்டி முடைய. எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பழைய பெட்டி ஒன்றை அவிழ்த்துப் பார்த்துத்தான் படித்தேன். மூடி வைத்துப் பெரிதாக ஒன்று ஆரம்பித்தேன், அடி நேராக வந்தது, நடுவில் எங்கோ ஓலை கூடிப்போய் வயிறு உப்பிவிட்டது, மூடியும் பொருந்தாமல் விரல் நுழையும் இடுக்கு விழுந்தது. விலாசினி தட்டிப்பார்த்து, 'இது எந்தரு சேச்சி, பெட்டியோ மத்தங்காயோ, விக்க ஆவாது, எரிசேரிக் கூட்டு வைக்கலாம்' என்றாள், பூசணி மாதிரியேதான் இருந்தது. எறிய மனம் வராமல், மிச்சம் வந்த புல்லையும் பழைய தேன்மெழுகு உருண்டையையும் அதில் போட்டுப் பசுத்தொழுத்தில் உத்தரத்திலிருந்து தொங்கவிட்டேன். அதற்குமேல் எனக்கு ஒரு நினைப்பும் இல்லை.

ரப்பர் தளிர்த்து அந்தத் தேன் காலமும் கழிந்தது. தேன் கிடைக்காத பஞ்ச காலத்தில் இருக்கிற ஈயே ஓடிப்போகும், புதிது எங்கே வர என்று அப்பாவே சொன்னார். போன சனிக்கிழமை பூவார்க் கடல் பக்கம் வானம் கறுத்தது. அப்பா சிரட்டைத் தண்ணீரையெல்லாம் கவிழ்த்துவிட்டுக் கோடாலியோடு வந்தார். நான் தடுக்கவில்லை, பொழுது சாய்ந்துவிட்டது, நாளை பெந்தெகொஸ்தே, திங்கட்கிழமை உடைக்கலாம் என்று மட்டும் சொன்னேன். கோடாலியைச் சுவரில் சாய்த்துவைத்தார்.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்து உலையில் அரிசி போட்டேன், அப்போது ஓர் இரைச்சல், மழைதான் என்று துணி எடுக்க ஓடினால் முற்றத்தில் பளீரென்று வெயில். வேலிக்கு அப்புறமிருந்து விலாசினி, 'சேச்சியே ஓடி வா, மத்தங்காய் பாடுது' என்று கூப்பிட்டாள். வானத்திலிருந்து புகை இறங்குகிறது போல ஈ இறங்கிக்கொண்டிருந்தது மக்கா. அப்பா மாதக்கணக்கில் புல் தேய்த்துத் துடைத்துவைத்த பெட்டிகளுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிற்று, ஒன்றிலும் இறங்கவில்லை, நேரே தொழுத்துக்குள் போய் என் கோணல் பெட்டியின் மூடி இடுக்கு வழியாக நெருக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது. பசு வாலைக்கூட ஆட்டவில்லை. அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது, சோறு அடியில் பிடித்துக் கரிந்துபோயிற்று. விலாசினி கூப்பிய கையை இறக்காமலே, 'எரிசேரி வச்சிருந்தா போச்சே' என்று மெல்லச் சொன்னாள். அப்பா சிரித்தார். பிறகு காலையில் சபையில் பாடாமல் நின்ற பாட்டை அடிக்குரலில் பாடினார், அவர் சத்தம் எது, ஈயின் சத்தம் எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. தேடிப்போனது கிடைக்காமல், விற்க ஆகாதென்று ஒதுக்கிவைத்ததில் இது வந்து இறங்கினதை நினைத்தால் இன்னும் உடம்பு சிலிர்க்கிறது. ரெத்தினதாஸ் வந்து பார்த்து, 'மாளிகைய விட்டுட்டுத் தொழுத்துக்கா வந்துது' என்றான்.

நேற்று மழை பிடித்துவிட்டது. ஓலையில் இந்த மழைக்காலத்தைத் தாண்ட முடியாது, பூஞ்சை பூத்துப்போகும், மரப்பெட்டிக்கு மாற்ற வேண்டும். அப்பா மாட்டேன் என்கிறார். 'நான் வச்ச பெட்டியில வரல்ல, மழையும் வந்தாச்சு, வார்த்தை மகளுக்குக் குடுத்தது, அதுல இருந்து அவ என்னை அவிழ்த்து விட்டா மாத்துவேன், இல்லெண்ணா பெட்டிய உடைப்பேன்' என்கிறார். அதனால்தான் தபாலில் போடாமல் லீவு முடிந்து நாளை மஸ்கட் திரும்பும் எலியாவின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். கிடைத்த அன்றே ஜங்ஷன் டெலிபோன் கடைக்குக் கூப்பிடு, அப்பா வந்து பேசுவார். உனக்கு இன்னும் பயமிருந்தால் அதையும் மறைக்காமல் சொல், அவர் வருத்தப்படமாட்டார். ஆனால் ஈ வீட்டுக்கே வந்துவிட்டது மக்கா, மரம் ஏற இனி என்ன இருக்கிறது.

வெயிலில் இறங்கும்போது தலையில் துணி போடு, ராத்திரி டியூட்டிக்குப் போகுமுன் ஏதாவது சாப்பிடு, வேதம் வாசிக்காமல் படுக்காதே. உன்னை அவ்வளவு தூரம் கொண்டுபோனவர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, நோயாளிகளைத் தொடும் உன் கைக்கு இதம் தருவாராக. மறந்துவிடாதே, அன்றைக்கே கூப்பிடு. கோடாலி சுவரில் அப்படியேதான் சாய்ந்திருக்கிறது. ஆனால் இன்று காலை பால் கறக்கப் போனபோது பார்த்தேன், ஒரே ஒரு மரப்பெட்டி மட்டும் மழை படாமல் சாய்ப்புக்குள் நகர்ந்திருக்கிறது, அதன் காலடிச் சிரட்டைகளில் தண்ணீர் நிறைந்திருக்கிறது.

உன் பேரை நாவில் வைத்திருக்கும்
அம்மா
வே. தங்கபாய்