ஏரிக்கரை மனைகளை விற்றவள் எழுதுவது

என்னைத் தன் மகளாகவே வைத்துக்கொண்ட கன்னியம்மா அக்காவுக்கு,

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. பொன்னேரி ஆபீஸை இன்னும் நடத்துகிறேன். போன வாரம்கூட இரண்டு மனைகளைப் பேசி முடித்தேன். வாசலில் என் படம் போட்ட பேனர் அப்படியே இருக்கிறது. அதில் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அதைப் பார்க்காமல் உள்ளே போகப் பழகிவிட்டேன்.

அம்மா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைத் துழாவி இறால் பிடித்து, வாயில் கவ்விய ஓலைப் பறிக்கூடையில் போட்டுப் போட்டு, என்னை பிளஸ் டூ வரை படிக்க வைத்தாய். அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் மனை விற்பனை நோட்டீஸ் கொடுக்கும் வேலை கிடைத்தபோது, நான் வெயிலில் நிற்கிறேனே என்று நீ வருத்தப்பட்டாய். பிறகு வேனில் ஆட்களை ஏற்றிப் போய் இடம் காட்டினேன். பிறகு சொந்த ஆபீஸ். "எங்க தேவி இல்லாம இங்க ஒரு மனைகூட கைமாறாது" என்று ஏரியில் எல்லாரிடமும் சொல்வாயாமே?

நம் ஊருக்கே வேலை வந்தபோதுதான் எல்லாம் கெட்டது. ஏரிக்கரை நிலத்தை மனைகளாகப் பிரித்த முதலாளி வரைபடத்தை மேசையில் விரித்து, "நடுவுல ஒரு பாதை போவுதே, ஊர்க்காரங்க வழியா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்ல சார். ஆடு மாடு போற தடம்" என்றேன்.

உன் இடுப்பில் உட்கார்ந்து நான் முதன்முதலில் ஏரியைப் பார்த்தது அந்த வழியில்தான். ஏன் அப்படிச் சொன்னேன்? அத்தனை மனைகளையும் விற்கும் வாய்ப்பு எனக்கே கிடைக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் தேடிப் பார்த்தேன், அக்கா. இல்லை.

சுவர் எழும்பியது. கேட் வந்தது. உன்னோடு இறால் பிடிக்கும் ஆதிலட்சுமி என்னைத் திட்ட வந்தபோது நீதான் குறுக்கே நின்றாய். "சுத்திக்கினு போனா இன்னா, காலு தேஞ்சா பூடும்? அது பொழப்ப அது பாக்குது" என்றாய். அன்றிலிருந்து இறால் பண்ணை வரப்பில் சுற்றி நடந்தாய்.

நீ போன அன்று காலை தண்ணீரிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய். ஆதிலட்சுமியும் மற்றவர்களும் புடவையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடி வந்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் ரோடு. ஏரிக்குப் போகிறவர்களை உள்ளே விட்டால் மனை பார்க்க வருபவர்கள் முகம் சுளிப்பார்கள், யாருக்கும் திறக்காதே என்று வாட்ச்மேனிடம் கறாராகச் சொல்லி வைத்தவள் நான். வேலை போய்விடுமோ என்று பயந்து அவர் எனக்குப் போன் செய்தார். நான் பத்திரப்பதிவு அலுவலகத்தில் இருந்தேன். திரையில் அவர் பெயரைப் பார்த்தேன். தண்ணீர் மோட்டார் பிரச்சினையாக இருக்கும் என்று கட் செய்தேன். இரண்டாவது தடவையும்.

அவர்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போனார்கள்.

"கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார் டாக்டர். எவ்வளவு முன்னால் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்.

மாமா ஒரு வார்த்தை திட்டவில்லை. "நீ வேணும்னேவா பண்ணே? சாப்டு, தேவி" என்று தட்டை நீட்டுகிறார். நாலு அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ஆதிலட்சுமி மட்டும் காரியத்தன்று என் முன்னால் வந்து நின்றாள். "கேட்டாண்ட உங்கக்கா கடைசியா இன்னா சொன்னா தெரியுமா? தேவிக்குப் போன் பண்ணாதீங்க, வேலைல இருக்கும்னா."

அதற்கு நான் என்ன செய்வது, அக்கா?

வழியைத் திறக்கச் சொல்லி, உன்னோடு இறால் பிடித்த பெண்கள் மனு கொடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை அதிகாரி விசாரிக்க வருகிறார். "பாதையே இருந்ததில்லன்னு சொல்லுங்க, நீங்க இந்த ஊரு, உங்க பேச்சை நம்புவாங்க" என்கிறார் முதலாளி. பாதி மனைகளில் வீடு எழும்பிவிட்டது. அதிலிருப்பவர்களும் என் பேச்சை நம்பி வந்தவர்கள்தான். வழி திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. கிடைத்தாலும் நீ அதில் நடக்கப் போவதில்லை.

ஆனாலும் போவேன். ஆதிலட்சுமி பக்கத்தில் சேர்க்காவிட்டால் தள்ளி நின்று சொல்வேன். அது வழிதான், அதில் நடந்து வளர்ந்தவள் நான், இல்லையென்று பொய் சொன்னதும் நானேதான் என்று எல்லார் முன்னாலும் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் தங்கச்சி என்று சொல்லிக்கொள்ள இன்னும் கூசுகிற,
தேவி