அழித்த வரி

பிப்ரவரி 3

என்னங்க,

நலமா? நான் நலம் என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள், அதனால் சளி மட்டும் இருக்கிறது என்று எழுதுகிறேன். எக்ஸ்ரே அறையில் ஏசியை யாரோ உச்சத்தில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். படம் எடுக்க வந்தவரிடம் "மூச்சை அடக்குங்க" என்று சொல்வதற்குள் எனக்குத் தும்மல் வந்துவிடுகிறது.

வக்கீல் அனுப்பிய தாள்கள் வந்தன. மனமொத்துப் பிரிகிறோம் என்று போட்டிருக்கிறது. இருபத்தெட்டாம் தேதி நான் அங்கே வந்து உங்களோடு சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். அதற்கு முன் ஒரு தடவையாவது மனம் விட்டுப் பேச வேண்டும்போல் இருக்கிறது எனக்கு. போனில் வேண்டாம். நீங்கள் "ம்" என்பீர்கள், நான் கத்துவேன். பன்னிரண்டு வருஷமாக அதைத்தானே செய்தோம்? கோபம் வந்தால் வாரக்கணக்கில் வாயைத் திறக்காத மனுஷனோடு மல்லுக்கட்ட முடியாமல்தானே பெட்டியைத் தூக்கினேன்.

தம்பி ஒரு புதுத் தளத்தைப் பற்றிச் சொன்னான். இரண்டு பேர் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாமாம். இன்னும் சோதனையில்தான் இருக்கிறது, யாராவது அழைத்தால்தான் உள்ளே விடுவார்கள். கல்யாண வீட்டுக்குக்கூட அழைக்காமல் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம், இதற்கு முடியாது! அவன் என்னை அழைத்தான். இப்போது என் கையிலும் சில அழைப்புகள் இருக்கின்றன. கூட வேலை செய்கிற பெண்கள் எனக்கு உனக்கு என்று பிடுங்குகிறார்கள். முதலாவது உங்களுக்குத்தான்.

மெயிலைத் திறந்தால் நீல எழுத்தில் ஓர் இணைப்பு இருக்கும், அதை அழுத்துங்கள். பெயர் கேட்கும், கடவுச்சொல் கேட்கும். இடது பக்கம் என் பெயர் தெரியும், அதைத் தொட்டால் வெள்ளையாக ஒரு பக்கம் திறக்கும். அதில் எழுத வேண்டியதுதான். எழுதத்தான் சொல்கிறேன், பேசச் சொல்லவில்லை. பயப்படாதீர்கள்.

உங்கள்
வாயாடி

பிப்ரவரி 8

வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. சளிக்கு ஆவி பிடி.

நீ சொன்ன தளத்தில் சேர்ந்துவிட்டேன். பட்டறைக் கம்ப்யூட்டரில்தான். ஸ்டோர் கீப்பர் பக்கத்தில் நின்றுகொண்டு, "அண்ணே, அங்க இல்ல, இங்க அழுத்துங்க" என்று உயிரை எடுத்துவிட்டான். பெயர் கேட்ட இடத்தில் பழக்க தோஷத்தில் 'லிஃப்ட் பராமரிப்பு' என்று போட்டுவிட்டேன். மாற்றத் தெரியவில்லை. படம் கேட்டது. கொடுக்கவில்லை.

உள்ளே போனால் உன் பெயர் ஒன்றுதான் இருக்கிறது. வேறு யாரும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் பட்டறையில் ஆள் இருக்காது. சாப்பாட்டுக்குப் பிறகு வருகிறேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பார்க்கலாம்.

நான்

பிப்ரவரி 14

என்னங்க,

நேற்று மத்தியானம் நடந்ததை நினைத்து நினைத்து ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. போனில் சொல்ல வாய் வரவில்லை, அந்தத் தளத்தில் எழுதவும் பயமாக இருக்கிறது. அதனால் பழையபடி பேனாவை எடுத்துவிட்டேன்.

நேற்று நீங்கள் எனக்கு அனுப்பியது இவ்வளவுதான்: "தாள் கிடைச்சது. 28 எனக்குத் தோதுதான். சமையலறைக் குழாய் சரி பண்ணியாச்சு."

நான் பார்த்தது அது மட்டும் இல்லை. அதற்கு முன்னால், வெள்ளைப் பக்கத்தில் ஒவ்வொரு எழுத்தாக வந்தது. "வந்துடு" என்று வந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, "நீ இல்லாம வீட்டுக்குப் போகவே பிடிக்கல" என்று வந்தது. நான் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அழிய ஆரம்பித்தது. "வந்துடு" மட்டும் ரொம்ப நேரம் நின்றது. அதுவும் போய்விட்டது. பிறகுதான் தாள், தேதி, குழாய் எல்லாம்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தம்பிக்குப் போன் போட்டேன். சிரிக்கிறான்! "அக்கா, இதோட விசேஷமே அதுதான். ஒருத்தர் தட்டத் தட்ட இன்னொருத்தருக்குத் தெரியும். எழுதறதும் தெரியும், அழிக்கறதும் தெரியும். உனக்குச் சொல்ல மறந்துட்டேன்" என்றான். சத்தியமாக எனக்கு முன்னால் தெரியாது. தெரிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருப்பேன்.

கோபப்படாதீர்கள். எனக்குச் சந்தோஷம்தான். உங்கள் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று எத்தனை நாள் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்! சாப்பாடு நன்றாக இல்லையா, என் மேல் கோபமா, நான் என்ன செய்தேன் என்று ஒன்றும் தெரியாமல் அழுதிருக்கிறேன். உள்ளே இது இருந்திருக்கிறது. முதல் தடவையாக நேற்றுத்தான் பார்த்தேன்.

வேலையை விட்டுவிட்டு வருகிறேன். மேலாளரிடம் வாய்மொழியாகச் சொல்லியும் விட்டேன். வக்கீல் தாள்களை அலமாரிக்கு மேலே போட்டுவிட்டேன். நீங்கள் அழித்த அந்த ஒரு வார்த்தையை இன்னொரு தடவை எழுதி அனுப்புங்கள். அது போதும்.

உங்கள்
வாயாடி

பிப்ரவரி 19

வாயாடிக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன். கிழித்துக் கிழித்து எழுதுகிறேன். நல்லவேளை, கிழித்தது உனக்குத் தெரியாது.

நீ பார்த்துவிட்டாய் என்று படித்ததும் சுள்ளென்று கோபம் வந்தது. குளித்துக்கொண்டிருக்கும்போது யாரோ கதவைத் திறந்த மாதிரி கூசிப்போனேன். உன் மேல் தப்பில்லை, அது எனக்குத் தெரியும்.

அதை எழுதியது நான்தான். பொய் இல்லை. வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் பட்டறையிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அழித்ததும் நான்தான். கை தவறி அழிக்கவில்லை.

லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நான் எவ்வளவு பேசுவேன் தெரியுமா? "பயப்படாதீங்கம்மா, குழந்தையை மடியில வெச்சுக்கங்க, இதோ ஆச்சு" என்று வாய் ஓயாமல் பேசுவேன். கதவைத் திறந்ததும் அவர்கள் நன்றி சொல்வார்கள். எனக்கு ஒரு வார்த்தை வராது. பையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கிப் போய்விடுவேன்.

நீ தூரத்தில் இருக்கிறாய், அதனால் 'வந்துடு' என்று எழுத முடிகிறது. நீ வந்து எதிரில் உட்கார்ந்தால் முதல் மாதம் நன்றாக இருப்பேன். அப்புறம் ஏதோ ஒன்றுக்கு முகம் சுருங்கும், வாய் அடைத்துப்போகும். நீ என் முகத்தையே பார்ப்பாய். அழுவாய். மாற வேண்டும் என்று நினைக்காமல் இல்லை. என்னால் முடியவில்லை. நீ போன அன்று உன் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை நான் பார்த்தேன். அதை மறுபடி நான் உண்டாக்க மாட்டேன்.

மேலாளரிடம் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள். வராதே என்று சொல்ல எனக்கு நெஞ்சு கிழிகிறது. இருந்தாலும் சொல்கிறேன். வராதே.

நான்

பிப்ரவரி 23

என்னங்க,

படித்தேன். எக்ஸ்ரே அறைக்கு வெளியே வரிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள், உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். கொஞ்சம் அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு, அடுத்தவரை உள்ளே கூப்பிட்டேன்.

உங்களோடு வாழ்ந்த காலத்தில் நான் கேட்டதற்கெல்லாம் சேர்த்து நீங்கள் சொன்ன முழுப் பதில் இதுதான். இவ்வளவு தெளிவாக, எதையும் விழுங்காமல், எனக்கு நீங்கள் எழுதியதே இல்லை. இதில் பாதியை, அதுவும் வேண்டாம், கால்வாசியை அன்றைக்கு ஒரு காகிதத்தில் எழுதிச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தீர்களானால் நான் அந்த வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கவே மாட்டேன். கடைசியில் என்னை வராதே என்று சொல்வதற்குத்தான் உங்களுக்கு வாய் வந்திருக்கிறது. எனக்கு உங்கள் மேல் ஆத்திரம்கூட வரவில்லை. நீங்கள் சொல்வது சரி என்று எனக்கும் தெரிகிறது, அதுதான் தாங்கவில்லை.

மேலாளரிடம் பேசிவிட்டேன். "என்னம்மா, விளையாடறீங்களா?" என்று திட்டிவிட்டு, இருக்கச் சொல்லிவிட்டார். வக்கீல் தாள்களைத் தூசி தட்டிப் பைக்குள் வைத்துவிட்டேன்.

இருபத்தெட்டாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், நேரே வக்கீல் ஆபீஸுக்கு வந்துவிடுகிறேன். அங்கே என்னைப் பார்த்ததும் என்ன சொல்வது என்று இப்போதிருந்தே தவிக்காதீர்கள். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். நானும் பேச மாட்டேன்.

வாயாடி