சிலிண்டர் ஓரிடம், சாவி ஓரிடம்

அனுப்புநர்:
தண்ணீர் மோட்டார் மெக்கானிக்,
(பெண்கள் வார்டு, பதினேழாம் கட்டில் நோயாளியின் கணவர்).

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: ஆக்சிஜன் சிலிண்டரின் சாவியைச் சிலிண்டரோடு கட்டி வைக்கவும், என் மீதான நுழைவுத் தடையை நீக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. வணக்கம். என் மனைவி தையல் வேலை செய்பவள். கணுக்கால் எலும்பு முறிந்து ஐந்து வாரம் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். காலில் உறைந்த இரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொண்டது. தங்கள் மருத்துவர்கள் உரிய நேரத்தில் கண்டுபிடித்து, ஊசி மருந்தும் மூச்சுக்கு ஆக்சிஜனும் கொடுத்து வருகிறார்கள். அவர்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. இருந்தால் எழுதியிருப்பேன்.

2. கடந்த வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்கு அவளை ஸ்கேன் எடுக்கக் கீழ்த்தளத்துக்குத் தள்ளிக்கொண்டு போனோம். வரிசையில் நாற்பது நிமிடம் காத்திருந்ததில் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. நிறைந்த சிலிண்டர் ஒன்று சுவரோரமாகவே நின்றது. அதைத் திறக்கும் சாவி மட்டும் இல்லை. "சாவி ஸ்டோர்ல இருக்குங்க, ஸ்டோர்காரர் சாப்பிடப் போயிருக்காரு, கொஞ்சம் பொறுங்க" என்றார் உடன் வந்த வார்டு ஊழியர். அவரைக் குறை சொல்லவில்லை, பாவம், அவரும் படியேறி ஓடிவிட்டுத்தான் வந்தார்.

விரலில் மாட்டிய, ஆக்சிஜன் அளவு காட்டும் கருவி எண்பத்து நான்கு, எழுபத்தொன்பது என்று இறங்கியது. அவள் உதடு நீலம் பாரித்தது. பட்டப்பகலில், "ஏங்க, லைட்டை அணைச்சுட்டாங்களா?" என்று கேட்டாள். பையிலிருந்த ஸ்பேனரால் அந்தச் சிலிண்டரைத் திறந்தேன். ஊழியர் குழாயை மாற்றி மாட்டினார்.

3. மருத்துவமனைச் சொத்தில் கை வைத்ததாக அன்று மாலையே எனக்கு நுழைவுத் தடை விதிக்கப்பட்டது. எண்ணெய்ப் பிசுக்குள்ள கருவி ஆக்சிஜனில் பட்டால் தீப்பிடிக்கும் என்று பாதுகாப்பு அலுவலர் விளக்கினார். என் ஸ்பேனரில் கிரீஸ் இருந்தது உண்மை. அவளோடு வரிசையில் நின்றவர்களையும் சேர்த்துக் கொளுத்தியிருப்பேன். என் தவறை இதன்மூலம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாவியைப் பூட்டி வைத்தது யாருடைய தவறு என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. முன்பு இரண்டு சாவிகள் தொலைந்ததால் இந்த ஏற்பாடாம். இப்போது சாவிகள் பத்திரமாக இருக்கின்றன.

4. வரும் வியாழக்கிழமை பகல் ஒரு மணிக்கு, இதயப் பரிசோதனைக்காக அவளை மறுபடியும் அதே கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோகிறார்கள். ஸ்டோர்காரர் சாப்பிடும் நேரமும் அதுதான். நான் வெளி வாசலில் நிற்பேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அம்மா.

5. ஆகவே அதற்குள் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு சங்கிலி போட்டுச் சாவியைக் கட்டி வைக்கவும், என் மீதான தடையை நீக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். முடியாதென்றால், அவளைக் கட்டிலிலிருந்து நகர்த்த வேண்டாம். அதுவும் முடியாதென்றால், எண்ணெய் படாத புது ஸ்பேனரோடு காவலரை மீறி உள்ளே வருவேன். அதற்கான மன்னிப்பை இப்போதே கேட்டுக்கொள்கிறேன். அப்போது கேட்க நேரம் இருக்காது.

இடம்: மருத்துவமனை வெளி வாசல்
நாள்: 14.10.2025, செவ்வாய்

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
பதினேழாம் கட்டில் நோயாளியின் கணவர்