நீ இறங்கித் தள்ளிய வண்டி

காலையில் வண்டியின் கதவைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் அடித்தது. வெயிலில் வெந்த ரெக்சின், பழைய பெட்ரோல், எலிப்புழுக்கை, எல்லாவற்றுக்கும் அடியில் உன் பீடி. நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்த வாடை மட்டும் ஏன் இன்னும் போகவில்லை என்று எரிச்சலாக வந்தது. உன்னை நினைத்தால் எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வருகிறது. புருஷன் செத்தவள் இதை யாரிடம் சொல்வது? அதனால் உனக்கே எழுதுகிறேன்.

காயலாங்கடை பாய் இன்று வந்து வண்டியை இழுத்துப்போவதாகச் சொல்லியிருந்தார். சக்கரத்தைச் சுற்றிப் படர்ந்திருந்த கோவைக்கொடியை அறுத்துப் போட்டேன். பின்சீட்டில் ஒரு கோழி அடை உட்கார்ந்திருந்தது. முட்டையோடு அதைக் கூடைக்கு மாற்றுவதற்குள் கையெல்லாம் கொத்திவிட்டது. டிக்கியில் உன் ஸ்பேனர்கள் ஒன்றோடொன்று துருவேறி ஒட்டிக் கிடந்தன. அப்பா சைக்கிள் கடைப் பம்பை வாங்கி வந்து, நின்று நின்று மூச்சு வாங்கி, டயர்களுக்குக் காற்றடித்தார். இரண்டில்தான் காற்று நின்றது. "உருண்டா போதும். இனிமே இது எங்க ஓடப்போவுது?" என்றார்.

அம்பத்தூரில் நீ வேலை பார்த்த பட்டறை முதலாளி, ஓடாத அந்த ஆஸ்டின் காரை உன் தலையில் கட்டியபோது நான் சிரித்தேன். நீ ஞாயிறு ஞாயிறாக அதன் கீழே படுத்துக் கிடந்து ஓட வைத்துவிட்டாய். என்னை முன்சீட்டில் உட்கார வைத்து நசரத்பேட்டை வரை ஹைவேயில் ஓட்டிவந்தாயே, அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? அந்தச் சந்தோஷம் ஊர்த் தெருமுனை வரைக்கும்தான். நம் சேரிக்கு வர அந்தத் தெருவை விட்டால் ஏரிக்கரை மண்பாதைதான். அதில் மாட்டுவண்டியே திணறும்.

தெருமுனையில் மணியக்காரர் நின்றிருந்தார். "இன்னாடா, ஊர்த் தெருவுல ஒக்காந்துகினு வருவியா? எறங்கித் தள்ளிகினு போ" என்றார். கத்தக்கூட இல்லை.

நீ இறங்கினாய். எஞ்சினை அணைத்து, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, தோளைக் கதவுச் சட்டத்தில் முட்டுக் கொடுத்துத் தள்ளினாய். நானும் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினேன். தெரு முழுக்க வாசலுக்கு வந்து பார்த்தார்கள். வீட்டுக்கு வந்ததும், "இன்னாத்துக்குய்யா எறங்கினே?" என்று உன் சட்டையைப் பிடித்தேன்.

"ஒங்க அப்பன் அவரு கழனியிலதானேமே வேல செய்யறாரு. எறங்கினா தேஞ்சா பூடுவேன்?" என்றாய்.

அன்றிலிருந்து போகும்போதும் தள்ளல், வரும்போதும் தள்ளல். ஒரு கல்யாணத்துக்குப் போகக் கட்டிய புடவையோடு நான் தள்ளியிருக்கிறேன். என் அப்பாவைக் காரணம் காட்டியே என் வாயை அடைத்தாய். அவரை நீ ஒருநாளாவது கேட்டாயா?

அப்புறம் அந்த ஐப்பசி மழை. மணியக்காரர் மருமகளுக்கு வலி எடுத்துவிட்டது, குழந்தை குறுக்கே இருக்கிறது என்று ஆள் ஓடி வந்தது. அந்த மழையில் மாட்டுவண்டி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விடும். நீ சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்தாய். அன்றைக்கு ஊர்த் தெருவில் எஞ்சின் சத்தத்தோடு உட்கார்ந்தே போனாய். யாரும் உன்னை இறங்கச் சொல்லவில்லை. பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுநாள் நீ திரும்பி வரும்போது அதே மணியக்காரர் அதே முனையில் நின்று, "நல்ல காரியம் செஞ்சடா" என்றார். சொல்லிவிட்டு, "எறங்கு" என்றார். நீ மறுபடியும் இறங்கினாய். இதையும் நீயே வந்து சிரித்துக்கொண்டு சொன்னாய். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதைவிடக் கொடுமை உன் கடைசி நாள்.

பட்டறையிலிருந்து பாதியில் வந்து, "மாரு அடைக்குதுமே" என்றாய். ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியை நீயேதான் எடுக்க வேண்டியிருந்தது. உச்சி வெயில். தெருவில் ஒரு நாய்கூட இல்லை, எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. தெரு தொடங்கும் இடத்தில் நீ எஞ்சினை அணைத்தாய்.

"யோவ், யாரும் இல்லய்யா, ஓட்டுய்யா" என்று கத்தினேன்.

"யாராச்சும் பாப்பாங்கமே" என்று சொல்லிவிட்டு இறங்கினாய்.

யாருமே சொல்லவில்லை. நீயாக இறங்கினாய். வியர்த்துக் கொட்டிய உடம்போடு தோளைக் கொடுத்துத் தள்ளினாய். பாதித் தெருவில் விழுந்தாய். நான் போட்ட கூச்சலில் கதவுகள் திறந்தன. முதலில் ஓடி வந்தவள் அந்த மருமகள்தான். தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுவந்தாள். என் கையில் தரவில்லை. உயரத் தூக்கி என் உள்ளங்கையில் ஊற்றினாள். அதை உன் வாயில் விட்டேன். உள்ளே இறங்காமல் கடைவாயில் வழிந்தது.

அதன் பிறகு வண்டியை நம் ஆட்கள் வீட்டுக்குத் தள்ளி வந்தார்கள். இத்தனை நாள் அது வாசலிலேயே நின்றது. தினமும் அதன் முகத்தில் முழித்து எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் பாயை வரச் சொன்னேன்.

பாய் லாரியோடு வந்து கயிற்றைக் கட்டினார். "பின்னாடி வண்டியில ஸ்டியரிங் புடிக்க ஒரு ஆள் வேணுமே" என்றார். நான் உட்கார்ந்தேன். கோடையில் வற்றிய ஏரிக்குள் நீ எனக்கு ஸ்டியரிங் மட்டும் பிடிக்கக் காட்டியது அதற்காவது உதவியது. அப்பா வந்து கதவைச் சாத்தினார்.

தெருவுக்குள் திரும்பும் இடத்தில் மணியக்காரர் கையைக் காட்டி லாரியை நிறுத்தினார். இப்போது கைத்தடி வைத்திருக்கிறார். "லாரி போவட்டும். அத்த அவுத்துவுட்டு ஆளுங்க தள்ளிகினு வரட்டும்" என்றார். பாய் தலையை வெளியே நீட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மணியக்காரர் என் பக்கம் வந்தார். "எறங்கும்மா. ஒம் புருஷனே எறங்கினவன்தான்."

"அதனாலதான் எறங்க மாட்டேன்" என்றேன். பாய் பக்கம் திரும்பினேன். "நீ ஓட்டு பாய்."

லாரி நகர்ந்தது. கயிறு விறைத்து வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தேன். வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். யார் யார் என்று நான் பார்க்கவில்லை. நீ விழுந்த இடம் வந்தபோது மட்டும் கால் தானாக பிரேக்கைத் தேடியது. எடுத்துவிட்டேன். ஹைவே வந்ததும் பாய் கூப்பிட்ட ஒரு ஆளிடம் ஸ்டியரிங்கை விட்டு இறங்கி, சாவியைப் பாயிடம் கொடுத்துவிட்டு நடந்தே வந்தேன்.

பொழுது சாயும் முன் கழனியிலிருந்து ஆள் வந்தது. நாளையிலிருந்து அப்பா வேலைக்கு வர வேண்டாமாம். கழனிக் கிணற்றில் நம் வீட்டுக்குத் தண்ணீரும் இல்லையாம். அப்பா கேட்டுக்கொண்டார். ஆள் போனதும், "அம்பத்தூர்ல வாட்ச்மேன் வேலைக்கு வயசு பாப்பாங்களாம்மா?" என்றார். கேட்டுப் பார்க்கலாம் என்றேன். உலை வைத்தேன். இருவரும் சாப்பிட்டோம். அவர் படுத்துத் தூங்கியும்விட்டார்.

உன்மேல் உள்ள கோபத்தை நான் விடப்போவதில்லை, வைத்துக்கொள்ளப் போகிறேன். இத்தனை வருஷம் எதற்குப் பயந்து நீ இறங்கினாயோ, அது இன்று நடந்து முடிந்துவிட்டது. அன்றைக்கு அந்த வெயிலில் நீ உட்கார்ந்தபடியே ஓட்டியிருந்தால், அவர்களால் நமக்குச் செய்ய முடிந்தது இவ்வளவுதான்.

இவ்வளவுதான்யா.