உன் பெயருக்கு நேரே எழுதிய 'தெரியாது'

கிளிஞ்சல்மேட்டில் நான் எடுத்த கணக்கெடுப்புத் தாள் இன்று திரும்பி வந்துவிட்டது. ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே சிவப்பு வட்டம். 'படிப்பு: ஐந்தாம் வகுப்பு. ஆங்கிலம்: பேசுவார்.' இரண்டும் ஒத்துப்போகவில்லையாம். பக்கத்தில் 'திருத்தவும்' என்று எழுதியிருக்கிறார்கள். நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. அந்தச் சிவப்பைப் பார்த்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. கூடவே கோபமும்.

முன்பு ஒரு கணக்கெடுப்பில், அடுத்த வீட்டுக்காரியான நான் உன் வீட்டுக்குக் கணக்கெடுக்கும் டீச்சராகத் தாளோடு வந்தேன். உன் கொழுந்தனார் நாற்காலியில் உட்கார்ந்து எல்லோருக்கும் அவரே பதில் சொன்னார். வீட்டில் பேசுவது தமிழ். ஆங்கிலம் அவருக்குத் தெரியும், எல்.கே.ஜி. படிக்கும் மகனுக்கும் தெரியும். "நல்லாத் தெரியும்னே போடுங்க டீச்சர், ரைம்ஸெல்லாம் ஒப்பிப்பான்." பிறகு உன் முறை. "மதினிக்கு ஒண்ணும் தெரியாது. தமிழோட சரி." நீ டீத் தம்ளரோடு நின்றிருந்தாய். நான் 'தெரியாது' என்று எழுதினேன்.

எனக்கா தெரியாது? அதற்கு முந்தைய மாதம்தான், உன் வீட்டுக்காரரின் பாஸ்போர்ட்டைத் துபாய்க் கம்பெனி தர மறுத்தபோது, நீ போன் போட்டு ஆங்கிலத்திலேயே சண்டை பிடித்தாய். அவருடைய கம்பெனிக் கடிதங்களை அகராதி வைத்துப் படித்துப் படித்து நீயாகப் பிடித்த ஆங்கிலம். பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பிளந்து கேட்டவள் நான். மூன்றாம் நாள் பாஸ்போர்ட் அவர் கைக்கு வந்தது.

கொழுந்தனார் எழுந்து போனதும் கேட்டாய்: "அவரு சொன்னாரு, சரி. நீ ஏண்டி எழுதுன?" அதற்குப் பிறகு நோன்பு வரும்வரை நீ என்னோடு பேசவில்லை. நோன்புக் கஞ்சித் தூக்கை என் கையில் கொடுத்தபோதுதான் வாயைத் திறந்தாய். "இனிமே பொம்பளைங்களக் கூப்ட்டுக் கேளு. கேக்காம எழுதாத." தாள் அதற்குள் அலுவலகம் போய்ச் சேர்ந்திருந்தது.

அன்றிலிருந்து கூப்பிட்டுத்தான் கேட்கிறேன். வரிச்சிக்குடியிலும் அம்பகரத்தூரிலும் ஆண்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். கிளிஞ்சல்மேட்டில், இந்தச் சிவப்பு வட்டத்துப் பெண்ணின் வீட்டில், பதில் சொல்ல மகன்தான் முந்திக்கொண்டான். அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். மீன் கழுவிய கையோடு வந்தார். சுனாமிக்குப் பிறகு ஊரில் தங்கி வேலை செய்த வெளிநாட்டுக்காரர்களோடு பேசிப் பழகிய ஆங்கிலமாம். "எழுத வராதும்மா. பேசுவேன்." நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு, "ஒய் யூ நோ பிலீவ்?" என்று ஒரு போடு போட்டார். நீ இருந்திருந்தால் கைதட்டியிருப்பாய்.

சற்றுமுன் மேலதிகாரி போன் செய்தார். "அஞ்சாவது படிச்சவங்க எப்படிம்மா இங்கிலீஷ் பேசுவாங்க? மாத்தி அனுப்புங்க."

"நீங்களே வந்து பேசிப் பாருங்க சார்."

மெமோ வரும் என்றார். வரட்டும். வட்டத்துக்குப் பக்கத்திலேயே 'நேரில் கேட்டு எழுதியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உன் பெயருக்கு நேரே நான் எழுதிய 'தெரியாது' ஏதோ ஓர் அலுவலகத்தில் தூசி படிந்து கிடக்கிறது. அதை இனி என்னால் திருத்த முடியாது. இதை நான் திருத்த மாட்டேன்.