மூச்சுப் பிடித்த அளவு

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாயாடி எழுதுவது. நீயும் அத்தானும் சௌக்கியமா? நான் பிரமாதமாக இருக்கிறேன். ஆல்பம் முடிந்துவிட்டது! இத்தனை நாள் மேடையில் பாடிய கீச்சுக்குரலில் ஒரு பாட்டுகூட இல்லை. எல்லாம் என் சொந்தக் குரலில், அடிவயிற்றிலிருந்து பாடியவை. ஒலிப்பதிவு செய்பவர் முதல் நாள், "சளி பிடிச்சிருக்கா மேடம்?" என்று கேட்டார். கடைசி நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முடியை ஒட்ட வெட்டிவிட்டேன். மேடைக்கு நீ தைத்துத்தரும் ஜிகினா கவுனுக்கும் ஒரு கும்பிடு. வெளியீட்டு மேடைக்குக் கறுப்புச் சட்டை போதும். ஒலிப்பதிவு முழுக்க அத்தானின் பழைய சட்டையைத்தான் போட்டிருந்தேன். அதேபோலத் தொளதொளவென்று ஒன்று தைத்து அனுப்பு. யார் யாரோ தைத்துத்தர வருகிறார்கள். எனக்கு நீதான் வேண்டும்.

உன் வாயாடி

மார்ச் 11

வாயாடிக்கு,

நலம். முடி வெட்டி நீ அனுப்பிய படத்தைப் பார்த்து அத்தான், "யாரு இந்தப் பையன்?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜிகினா தைத்துத் தைத்தே என் கண் கெட்டது. அந்தக் கவுனைப் போட்ட பிறகுதானே உலகம் உன்னைத் திரும்பிப் பார்த்தது? கவுன் வேண்டாம் என்றால் நானும் வேண்டாம் என்றுதானே அர்த்தம்?

சட்டை அனுப்பியிருக்கிறேன். தொளதொளவென்று தைக்க எனக்குக் கை வராது. உன் அளவு மனப்பாடம். அந்த அளவுக்கே தைத்திருக்கிறேன். மேடையில் நீ சிக்கென்று நிற்க வேண்டும்.

அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. நேற்று உன் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு மேடை ஏறினேன். முதல் வரிக்கு மூச்சை இழுத்தேன், சட்டை இடுப்பை இறுக்கியது, பழைய கீச்சுதான் வந்தது. கூட்டம் பழக்கதோஷத்தில் விசிலடித்தது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. பாட்டை நிறுத்தி, கிடார்காரர் கம்பி வெட்ட வைத்திருந்த கட்டரை வாங்கி, எல்லோர் முன்னாலும் பக்கத் தையலைப் பிரித்தேன். "இப்ப பாடறேன்" என்றேன். பாடினேன் அக்கா! விசிலே இல்லை. அப்படி ஓர் அமைதி.

அளவெடுக்கும்போதெல்லாம் "மூச்சை இழுத்துப் பிடிடி" என்பாய். நானும் பிடிப்பேன். அந்த அளவுக்குள்ளேயே இத்தனை வருஷம் பாடியிருக்கிறேன். உன்னைக் குறை சொல்லவில்லை. ஒல்லியாகத் தெரிய எனக்கும்தான் ஆசை. ஆனால் இனிமேல் பிடிக்க மாட்டேன். கவுன்தான் வேண்டாம். நீ வேண்டும். உனக்கு மனசில்லை என்றால் சொல்லிவிடு, வற்புறுத்த மாட்டேன்.

உன் வாயாடி

மார்ச் 28

வாயாடிக்கு,

டிவியில் பார்த்தேன். என் தையலை நீ பிரித்தபோது பக்கத்து வீட்டம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மானம் போச்சு என்று எழுந்து சமையலறைக்குள் போய்விட்டேன். அங்கேயும் உன் குரல் வந்தது. குளியலறையிலிருந்து "அக்கா, துண்டு!" என்று கத்துவாயே, அதே குரல். மேடையில் அதை நான் கேட்டதே இல்லை. நின்ற இடத்திலேயே அழுதேன், பெருமையில்தான்.

உன் அளவை மறந்துவிட்டேன். நேரில் வா. மூச்சைப் பிடிக்க வேண்டாம். நீ நின்று பாடு, நான் டேப் வைக்கிறேன்.

அக்கா